ரெண்டு பேருக்கு ரெண்டு டம்ளர்

பையைக் கீழ வைக்க வேண்டாம் தம்பி, என் மடியிலயே இருக்கட்டும். உள்ள புது டம்ளர். இந்த ரோடுல இந்த பஸ் போற லட்சணத்துக்குக் கீழ வச்சா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள ஆறும் சொட்டையாயிடும். வந்தவாசி பஜார்ல நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது. அந்த அலைச்சல்ல பஸ் ஸ்டாண்டுல ரெண்டு டீ குடிச்சிட்டேன். எனக்கு டீன்னா சர்க்கரை தூக்கலா இருக்கணும். இங்க போடறவனுக்கு அதுவும் வரல. டீக்குப் பதிலா ஓடையில மொண்டு குடுத்த மாதிரி இருந்தது.

நீங்க எங்க இறங்கணும்? கீழ்வேம்பாக்கம் கூட்ரோடா? நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பிங், ஏரிக்கரை. உங்க வீடு ஊருக்குள்ளயா, இல்ல அந்தண்டையா? சும்மா கேட்டேன். சொல்லலன்னாலும் ஒண்ணுமில்ல. எனக்கு அதெல்லாம் பாக்கறதே கெடையாது. மெட்ராஸ்ல டெலிபோன் டிபார்ட்மெண்ட்ல முப்பத்திநாலு வருஷம். ஒரே கேன்டீன், எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்பிட்டோம். யாரையும் நான் என்ன ஏதுன்னு கேட்டதில்ல. கேக்காமயே எனக்குத் தெரிஞ்சிடும், அது வேற விஷயம்.

ஏரிக்கரையில ஒரு பெட்டி வீடு பாத்திருப்பீங்களே, மல்லாட்டைக் கொல்லைக்குப் பக்கத்துல, வெள்ளை கலர்ல? அது நம்மதுதான். தணிகாசலம்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. பொட்டி வூட்டு சார்னு கேட்டாச் சொல்லுவாங்க. அந்த மரியாதைதான் இந்த ஊர்ல நமக்கு.

எட்டடி அகலம், முப்பதடி நீளம். மொத்தம் இருநூத்து நாப்பது சதுரடி. வெளிநாட்டுல கோடீஸ்வரனெல்லாம் இப்ப இப்படித்தான் இருக்கான் தம்பி. செல்லுல ஆறு மாசம் பாத்துப் பாத்து முடிவு பண்ணேன். ஷெட்டுல இரும்புச் சட்டம் அடிச்சு, பலகை போட்டு, லாரியில கொண்டு வந்து கிரேன் வச்சு இறக்கினாங்க. ஊரே வேலையை விட்டுட்டு வந்து நின்னுச்சு. ஒருத்தன் ஐஸ்கிரீம் கடையா சார்ன்னான். ஒரு பொம்பள, இனிமே ஓட்டு இங்கதான் போடணுமான்னா. இவங்களுக்கு வீடுன்னா நாலு சுவரு வச்சு, கடன் வாங்கி, முன்னாடி கிரானைட் ஒட்டி, உள்ள ஒரு ரூம்ல நெல்லு மூட்டையைப் போட்டு வைக்கணும். அறிவுன்னு ஒண்ணு இருந்தா இந்த ஊர் ஏன் இப்படி இருக்கு?

சின்ன வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வேணும் தம்பி. உள்ள ஒண்ணு வந்தா வெளிய ஒண்ணு போகணும். அதான் சட்டம். மெட்ராஸ் வீட்டைக் காலி பண்ணும்போது என் சம்சாரம் வத்சலா மூணு சாக்குப் பாத்திரத்தைக் கட்டி வச்சிருந்தா. எல்லாத்துலயும் பேர் வெட்டியிருக்கு. சித்தப்பா பேரு, ஒண்ணுவிட்ட அத்தை பேரு, கல்யாணத்துக்கு வந்தவன் போனவன் பேரு. நாப்பது வருஷமா ஒரு ஊர் ஜனத்தையே அலமாரியில அடுக்கி வச்சிருக்கா. மூணு சாக்கையும் பழைய பாத்திரக்காரன்கிட்டப் போட்டேன். ரெண்டு பேர். அதனால ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர், ரெண்டு கிண்ணம். சாக்கு போற வரைக்கும் அவ வாசல் கேட்டுகிட்ட நின்னா, அவ்வளவுதான். ஆனா மறதி ஜாஸ்தி அவளுக்கு. ஒரு மாசம் வரைக்கும், எங்க அந்தக் கூஜா, எங்க அந்த அடுக்குன்னு கை அதுவா மேல போகும். அங்க பாத்திரத்துக்கு ஷெல்ஃபே கெடையாது, என் புஸ்தகம் இருக்கும்.

படுக்கை மேல, பரண் மாதிரி. ஏணி வச்சு ஏறணும். அவளுக்கு முட்டி வலி, ஏற முடியாது. அதனால கீழ மடக்கு பெஞ்சுல படுத்துப்பா. பெஞ்சைப் பிரிச்சா ஃபிரிட்ஜ் திறக்காது. ஃபிரிட்ஜ் திறக்கணும்னா பெஞ்சை மடக்கணும். இதெல்லாம் பழகிக்கணும். நான் ஒரு பேப்பர்ல எழுதியே ஒட்டிட்டேன், எத்தனை மணிக்கு எதைப் பிரிக்கிறது, எதை மடக்குறதுன்னு. என் நாற்காலி மட்டும் மடக்குற நாற்காலி இல்ல. கதவுகிட்ட போட்டு உக்காந்து பேப்பர் படிப்பேன், அங்கதான் காத்து வரும். அவ வெளிய போகணும்னா, காலைக் கொஞ்சம் மடக்குங்கம்பா. மடக்குவேன். அதுல நான் குறையே வைக்கல.

வந்த முதல் வாரமே பச்சையம்மான்னு ஒருத்தி வந்தா. பக்கத்துக் கொல்லை அவங்களதுதான். அந்தண்டைப் பக்கத்து ஆளுங்க. வீட்டுக்காரன் பேரு ஏகாம்பரம். அவங்க போர்லேருந்துதான் நமக்குத் தண்ணி. கூட ரெண்டு பொம்பளைங்க. ஒரு கூடை நிறைய அவிச்ச மல்லாட்டை, மெட்ராஸ்ல வேர்க்கடலைம்போம், அப்புறம் முருங்கைக்காய். வீடு பாக்க வந்திருக்காங்களாம். நீங்களே சொல்லுங்க, உள்ள மூணு பேர் நின்னா நாலாவது ஆள் மூச்சு விடறது எங்க? அதனால, அங்கயே நில்லுங்க, காபி வரும்னு சொன்னேன். நம்ம வீட்டு சமையல் மேடைக்கு மேல ஒரு ஜன்னல், பலகையைத் தூக்கினா வெளிப்பக்கம் திறக்கும். பிரமாதமான ஏற்பாடு. வர்றவங்களுக்குன்னே நூறு பேப்பர் கப் வாங்கி வச்சிருந்தேன். நல்ல டிகாஷன் காபி, சுடச்சுட, அந்த ஜன்னல் வழியா நானே என் கையால குடுத்தேன். யார் செய்வா சொல்லுங்க?

வாங்கினாங்க. கப்பைப் பாத்தாங்க. ஒருத்தியை ஒருத்தி பாத்தாங்க. தோ வர்றோம்னு போனவங்க, போர் மேடையில மூணு கப்பையும் வச்சுட்டுப் போயிட்டாங்க. வாயே வைக்கல. நான் போய்ப் பாக்கறப்போ எறும்பு குடிச்சுகிட்டிருந்தது. காபின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு டிகாஷன் போட்டது என் தப்பு. இத வத்சலாகிட்ட சொன்னேன். அவ ஜன்னலைச் சாத்தினா. புழுக்கமா இருக்கு, திறன்னேன். திறந்தா.

அதுக்கப்புறம் யாரும் வரல. நிம்மதின்னு விட்டுட்டேன். ஆனா வத்சலா சாயங்காலமானா அங்க போயிடுவா. பால் வாங்கப் போறேம்பா. கால் லிட்டர் பாலுக்கு ஒண்ணரை மணி நேரம். மாட்டுக்கு ஜோசியம் பாத்துட்டு வர்றாளோ என்னமோ. வந்து, பச்சையம்மா அப்படிச் சொன்னா, இப்படிச் சொன்னான்னு ஆரம்பிப்பா. நான் ரேடியோ போட்டுடுவேன்.

சித்திரை மாசம், நல்ல உச்சி வெயில். நான் தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா, வீட்டுக்குள்ள, என் நாற்காலியில பச்சையம்மா உக்காந்திருக்கா. களை எடுக்கறப்போ மயக்கமா வந்ததாம். வத்சலா கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து, உக்கார வச்சு, மோர் கரைச்சுக் குடுத்திருக்கா. குடுக்கட்டும், நான் வேண்டாங்கல. நானும் மனுஷன்தான். ஆனா எதுல குடுத்திருக்கா தெரியுமா? என் டம்ளர்ல.

நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "வத்சலா, அது என் டம்ளர். அவங்களுக்குன்னுதான் பேப்பர் கப் வச்சிருக்கே" அப்படின்னேன். அவ்வளவுதான். குரல்கூட உசத்தல. சட்டத்தைச் சொன்னேன். ரெண்டு பேருக்கு ரெண்டு டம்ளர்னா, மூணாவது ஆளுக்கு எதுல குடுப்பே? கணக்கு சரியா இல்லையா?

அந்தப் பொம்பள டம்ளரைக் கீழ வச்சா. பாதி மோர் அப்படியே இருந்தது. எழுந்து, தான் உக்காந்த நாற்காலியை முந்தானையால ஒரு தடவை துடைச்சா. துடைச்சுட்டு இறங்கிப் போனா, தள்ளாடிகிட்டே. அந்தச் சுத்தம் ஒண்ணுதான் எனக்கு அவங்ககிட்டப் பிடிச்சிருந்தது. நான் டம்ளரை எடுத்து வெந்நீர் ஊத்தி ரெண்டு தடவை கழுவினேன். கோடை காலம், ஊரெல்லாம் கிருமி. யார் குடிச்சிருந்தாலும் கழுவியிருப்பேன்.

வத்சலா அப்ப ஒரு பார்வை பாத்தா பாருங்க. கல்யாணமாகி நாப்பது வருஷத்துல அப்படிப் பாத்ததில்ல.

ரெண்டு நாள் பேசல. பெரிய வீட்ல ஒரு பொம்பள பேசலன்னா தெரியாது, இன்னொரு ரூமுக்குப் போயிடலாம். இருநூத்து நாப்பது சதுரடியில அவ பேசாம இருக்கறது காதுல அறையுது. மூணாவது நாள் அவளாவே வாயைத் திறந்தா. என்னமோ சொல்லப் போறாளேன்னு பாத்தா, டீக்கடை கதை. பச்சையம்மாவோட அப்பா சின்ன வயசுல கூட்ரோடு டீக்கடையில, அவங்க ஆளுங்களுக்குன்னு வெளிய தட்டியில தனியா டம்ளர் சொருகி வச்சிருப்பாங்களாம். அவங்களே எடுத்து, அவங்களே கழுவி, தள்ளி நின்னு குடிச்சுட்டுத் திரும்பச் சொருகணுமாம். ஒரு நாள் அந்த ஆளு உள்ள இருந்த டம்ளரை எடுத்துக் குடிச்சுட்டானாம். அடிச்சாங்களாம். உடைஞ்ச கை சரியா சேரவே இல்லையாம். கோணக் கையோடயே அம்பது வயசுல செத்தானாம்.

பாவம்தான். நான் இல்லங்கல. ஆனா எவனோ ஒரு டீக்கடைக்காரன் அந்தக் காலத்துல பண்ணினதுக்கும் என் சமையல் ஜன்னலுக்கும் என்ன சம்பந்தம் தம்பி? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறது. எங்க வீட்ல இடம் இல்ல, அதனால வெளிய நிக்கச் சொன்னேன். நான் டெலிபோன் டிபார்ட்மெண்ட். இதைச் சொன்னா வத்சலா கேக்கறா, "போன தை மாசம் உங்க ஆபீஸ் சிநேகிதர் ஜம்புலிங்கம் வீட்டோட நாலு பேர் வந்தாங்களே, அவங்க எங்க உக்காந்தாங்க, எதுல குடிச்சாங்க?"

அவங்க உள்ளதான் உக்காந்தாங்க. ஏணிப்படியில ரெண்டு பேர், பெஞ்சுல ரெண்டு பேர். நம்ம ரெண்டு டம்ளர்லதான் மாத்தி மாத்திக் குடிச்சாங்க. ஜம்புலிங்கம் எத்தனை வருஷப் பழக்கம். அது வேற, இது வேற இல்லையா? பொம்பளைங்களுக்கு நியாயமும் தெரியாது, வித்தியாசமும் தெரியாது.

அப்புறம் அவ அங்க போய் என்ன பேசினாளோ, யார் கால்ல விழுந்தாளோ தெரியாது. பத்து நாள் கழிச்சு ஏகாம்பரமும் பச்சையம்மாவும் தட்டோட வந்தாங்க. வெத்தலை பாக்கு, பழம், பத்திரிகை. பேத்திக்குக் காதுகுத்தாம். சரி, வீடு தேடி வந்தவங்களை நாமளும் மதிக்கணுமேன்னு ஜன்னல் பலகையைத் தூக்கி, குடுங்கன்னு கையை நீட்டினேன். அந்த ஆளு என் கையைப் பாத்துட்டு நிக்கிறான். குடுக்கல. வத்சலா என் காலைத் தாண்டிகிட்டு, அந்த முட்டியோட மூணு படி இறங்கி, மண்ணுல நின்னு ரெண்டு கையாலயும் தட்டை வாங்கினா. பத்திரிகையில பேர் பாத்தேன். திருமதி வத்சலா அம்மா அவர்கள். அவ்வளவுதான். என் பேரே இல்ல. என் இடத்துல, என் வீட்டு முன்னாடி நின்னு, என் பேரில்லாம ஒரு பத்திரிகை. திமிர் எந்த அளவுக்கு இருக்கு பாருங்க.

போகாதேன்னு சொன்னேன். போனா. பந்தியில உக்காந்து சாப்பிட்டாளாம், குழந்தையை மடியில கூட வச்சுகிட்டாளாம். அன்னைக்கு வரல. மறுநாளும் வரல. இன்னையோட பதினோரு நாள். பதினோரு நாளும் நானேதான் உப்புமா கிண்டித் தின்னுகிட்டிருக்கேன். உப்புமான்னு நான்தான் சொல்லிக்கணும். இப்ப வீட்ல நிறைய இடம் இருக்கு. பெஞ்சைப் பிரிக்க வேண்டியதே இல்ல, ஃபிரிட்ஜ் எந்நேரமும் திறக்குது. திறந்து என்ன பண்றது, உள்ள ஒண்ணும் இல்ல. ராத்திரி சாப்பிட்டு ஒரு டம்ளரைக் கழுவி வைப்பேன், இன்னொண்ணு பக்கத்துல காஞ்சு கிடக்கும். அதைப் பாத்தா எனக்கு எரிச்சலா வருது. எரிச்சல்தான். வேற ஒண்ணும் இல்ல.

தண்ணியை மட்டும் அவங்க நிறுத்தல. தினம் காலையில ஆறு மணிக்கு மோட்டார் போட்டு நம்ம தொட்டி ரொம்பற வரைக்கும் விடறாங்க. பயம். நிறுத்தினா நான் கலெக்டருக்கு எழுதுவேன்னு தெரியும்.

மூணாவது நாள் நானே போனேன். இவ்வளவு பண்ணியும் நான்தான் இறங்கிப் போறேன், கவனிங்க. ஏகாம்பரம் வெளிய ஓடி வந்தான், நாற்காலியைத் துண்டால தட்டிப் போட்டான். "உக்காருங்க சார். வூட்டம்மாவ நாங்க ஒண்ணும் புடிச்சி வச்சிக்கல. அவங்களா இருக்கறாங்க, இருக்கட்டும்னு விட்டுட்டோம்"ன்னான். பச்சையம்மா காபி கொண்டு வந்தா. இவ்வளவு பெரிய எவர்சில்வர் டம்ளர், பளபளன்னு தேய்ச்சது, விளிம்பு வரைக்கும் காபி. எனக்குச் சர்க்கரை வியாதி, வேண்டாம்னுட்டேன். ஒரு பேச்சுக்குத்தான். அவ அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனா. அதை வாங்கி, அங்கயே என் எதிர்லயே வத்சலா குடிச்சா.

வீட்டுக்கு வான்னேன். அவ சொன்னா, "ஆறு டம்ளர் வாங்கி வைங்க. அந்தப் பேப்பர் கப் எல்லாத்தையும் கொளுத்துங்க. வர்றவங்க உள்ள வந்து, நாம குடிக்கிறதுலயே குடிக்கட்டும். அப்ப கூப்பிடுங்க, வர்றேன்."

அந்த வீட்ல ஆறு டம்ளரை எங்கடி வைக்கறதுன்னேன். "என் புடவையை எடுத்துட்டு அந்த இடத்துல வைங்க" அப்படின்னா. சரின்னேன்.

நான் சொன்ன சொல் தவறாதவன் தம்பி. நேரா வீட்டுக்கு வந்து அளந்து பாத்தேன். சரியா இருந்தது. அவ புடவை நாலை எடுத்து வந்தவாசியில தையக்காரம்மாகிட்டக் குடுத்துட்டேன், தலகாணி உறை தைக்கறதுக்கு. உள்ள ஒண்ணு வந்தா வெளிய ஒண்ணு. பேப்பர் கப்பையும் கொளுத்தியாச்சு. அவ என்னென்ன சொன்னாளோ எல்லாம் செஞ்சாச்சு. அதுக்கு மேலயும் ஒண்ணு செஞ்சிருக்கேன், அவளே எதிர்பாக்காதது.

இந்தாங்க, ஒண்ணு எடுத்துப் பாருங்க. கனம் பாருங்க. வளைஞ்ச விளிம்பு. பாத்திரக் கடையில பேர் வெட்டித் தருவானே, அந்த ஆள்கிட்டக் குடுத்தேன். என்ன சார் வெட்டணும், வத்சலா தணிகாசலம்னு போட்டுடட்டுமான்னான். பேரெல்லாம் வேண்டாம்பா, நான் சொல்றதை வெட்டுன்னு எழுதிக் குடுத்தேன். ஒரு மாதிரி பாத்தான். இதுவரைக்கும் இந்த மாதிரி யாரும் வெட்டச் சொன்னதில்ல சார்ன்னான். எப்படிச் சொல்லுவான்? யோசிக்கணுமே.

அடிப்பக்கம் திருப்பறீங்களா? அங்க இல்ல, பக்கவாட்டுல. படிக்க முடியுதா? "வெளியாள்". ஆறுலயும் வெட்டியாச்சு. இனிமே குழப்பமே வராது. யார் வேணும்னாலும் வரட்டும், உள்ளயே உக்காரட்டும், எவர்சில்வர்லயே குடிக்கட்டும். அவங்களதுல அவங்க குடிப்பாங்க, நம்மளதுல நாம குடிப்போம். டம்ளர் மாறிச்சு, கழுவினேன், அவ பேசலங்கற பேச்சுக்கே இடமில்ல. மூளைன்னு ஒண்ணு இருந்தா எந்தப் பிரச்சினைக்கும் வழி இருக்கு.

என்ன தம்பி, திருப்பிக் குடுத்துட்டீங்க? இன்னொண்ணு பாக்கறது. எங்களதுல என்ன வெட்டியிருக்குன்னு கேக்கறீங்களா? எங்களதுல ஒண்ணும் வெட்டல. எதுக்கு வெட்டணும்? அது எங்களதுன்னு எங்களுக்குத் தெரியாதா?

இருங்க, ஏரிக்கரை வந்தாச்சு. அதோ நிக்கிறா பாருங்க, வத்சலா. பச்சைப் புடவை. காலையில போன்ல சொன்னேன், டம்ளர் வாங்கிட்டேன், ரெண்டு மணி பஸ்ல வர்றேன்னு. சரி, பையோட ஸ்டாப்பிங்குக்கே வந்துடறேன், அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்னா. கையில துணிப்பை இருக்கு பாத்தீங்களா? நான் சொல்லல? வந்துட்டா. அந்தப் பச்சையம்மாவும் கூட வந்திருக்கா, வழியனுப்பவோ என்னமோ.

எப்பா, இவ்வளவு கூட்டமும் இங்கயேதான் இறங்கணுமா? தம்பி, நான் இறங்கறதுக்குள்ள டம்ளர் நசுங்கிடும். பையை ஜன்னல் வழியா குடுத்துடறேன். வத்சலா, இந்தா, பிடி. பத்திரம். பிரிச்சுப் பாரு, நான் வர்றேன்.

வாங்கிட்டா. எழுந்துக்காதீங்க, வழியில எல்லாரும் நிக்கிறாங்க, கொஞ்சம் இறங்கட்டும். பிரிக்கிறா பாருங்க. அவசரம். ஒண்ணை எடுத்துட்டா. சிரிக்கிறா. பதினோரு நாளைக்கு அப்புறம் சிரிக்கிறா தம்பி. பச்சையம்மாகிட்டக் குடுக்கறா. அவ உருட்டி உருட்டிப் பாக்கறா, விரலால தடவறா. அவளுக்குப் படிக்கத் தெரியும், எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கான்னு வத்சலா சொன்னா. வத்சலா கண்ணாடி போட்டுக்கறா. அவ கையிலேருந்து வாங்கிப் படிக்கிறா.

இன்னொண்ணும் எடுத்துப் பாக்கறா. அதுலயும் அதேதான், ஆறுலயும் அதேதான். எதுக்கு எல்லாத்தையும் பாக்கணும்? திரும்பப் பையில போடறா. பையைக் கல்லு மேல வைக்கறா.

கொஞ்சம் வழி விடுங்கய்யா, வயசான மனுஷன் இறங்க வேண்டாமா. தம்பி, நீங்களாவது சொல்லுங்க. அதோ, அவ பச்சையம்மா கையைப் பிடிச்சுகிட்டுப் போறா. அந்தப் பக்கம் எங்க போறா, நம்ம வீடு இந்தப் பக்கம் இல்ல? பையை வேற அந்தக் கல்லு மேலயே விட்டுட்டுப் போறா பாருங்க. நான்தான் சொன்னேனே, அவளுக்கு மறதி ஜாஸ்தி.